பெட்டியில் தோற்று ஜீன்ஸில் ஜெயித்த டேக்: வால்மார்ட்டின் ஆர்எஃப்ஐடி உத்தரவு, ஒரு நிகழ்வு ஆய்வு

2003 ஜூன் மாதம் சிகாகோவில் சில்லறை வணிகத் தொழில்நுட்ப மாநாடு ஒன்று நடந்தது. வால்மார்ட்டின் தகவல் தொழில்நுட்பத் தலைவர் லிண்டா டில்மன் அங்கே ஒரு செய்தி சொன்னார். கம்பெனிக்குச் சரக்கு போடுகிறவர்களில் முதல் 100 பேர், 2005 ஜனவரிக்குள், அட்டைப்பெட்டிகளிலும் அவற்றை அடுக்கும் பேலட்டுகளிலும் ஆர்எஃப்ஐடி டேக், அதாவது ரேடியோ அலையால் தன் எண்ணைச் சொல்லும் சீட்டு, ஒட்டி அனுப்ப வேண்டும். அவகாசம் 19 மாதம். டேக், சாஃப்ட்வேர், ஆள் என்று தன் பக்கத்துச் செலவை எல்லாம் ஒட்டுகிறவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

உலகத்தின் மிகப் பெரிய சில்லறை வியாபாரி சொல்லிவிட்டால் அதை யாரும் வேண்டுகோளாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதே வருடம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் தனக்குச் சரக்கு தருவோருக்கு இதே மாதிரி உத்தரவு போட்டது. பார்கோடுக்கு நாள் குறித்தாயிற்று என்றே பலரும் பேசினார்கள்.

ஆறு வருடம் கழித்து அந்தப் பெட்டி டேக்கைப் பற்றிப் பேச ஆள் இல்லை. ஆனால் 2020-ல் அதே வால்மார்ட் மறுபடியும் டேக் உத்தரவு போட்டது, இந்தத் தடவை அது நிலைத்துவிட்டது. கம்பெனி அதேதான், தொழில்நுட்பமும் ஏறக்குறைய அதேதான். முதல் தடவை விழுந்ததற்கு ரேடியோ அலையைக் குற்றம் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அலைக்கும் அதில் பங்கிருக்கிறது. ஆனால் செலவு ஒருவர் பையிலிருந்தும் வரவு இன்னொருவர் பைக்கும் போனதுதான் பெரிய கோளாறு என்பது என் கட்சி.

டேக் என்ன செய்கிறது

காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கையே எடுத்துக்கொள்வோம். 2021 பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் அது கட்டாயம், இல்லாவிட்டால் கூடுதல் கட்டணம். அதற்குள் பேட்டரி கிடையாது. மிளகில் ஒரு துணுக்கு அளவுகூட இல்லாத ஒரு சிப், அதன் இரண்டு பக்கமும் நீளும் மெல்லிய உலோக ஆன்டெனா, அவ்வளவுதான். சாவடியின் மேலே இருக்கும் ரீடர் ரேடியோ அலையைப் பாய்ச்சுகிறது. அந்த அலையிலிருந்தே கொஞ்சம் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டு சிப் விழிக்கிறது, தன் எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறது.

சொல்கிற விதம்தான் அழகு. சின்ன வயதில் உடைந்த முகம்பார்க்கும் கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு வெயிலை எதிர்வீட்டுச் சுவரில் அடித்து விளையாடியிருப்போம். நம் கையில் விளக்கு கிடையாது. வருகிற வெளிச்சத்தைச் சாய்த்துச் சாய்த்து அனுப்பினோம். டேக்கும் அப்படித்தான்: தானாக எதையும் ஒலிபரப்புவதில்லை, ரீடர் அனுப்பும் அலையை விட்டுவிட்டுப் பிரதிபலிக்கிறது. அந்த விட்டுவிட்டு வரும் வரிசைதான் எண். பிரதிபலித்த அலையிலேயே செய்தி அனுப்பலாம் என்று ஹாரி ஸ்டாக்மன் 1948-லேயே கட்டுரை எழுதிவிட்டார். அதைக் காசுக்குக் கட்டுப்படியாகும் அளவுக்குச் சிறிதாக்கத்தான் அரை நூற்றாண்டு ஆனது.

கடைச் சரக்கில் ஓடும் டேக் அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் வேலை செய்கிறது. இந்த அலையின் நீளம் சுமார் ஒரு அடி. சில மீட்டர் தூரம் வரை எட்டும். அட்டை, துணி, பிளாஸ்டிக் எதையும் சட்டை செய்யாமல் ஊடுருவிப் போகும். உலோகத்தைக் கண்டால் திரும்பிவிடும். தண்ணீரைக் கண்டால் அதிலேயே கரைந்துவிடும். இந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும்.

இன்னொரு வித்தியாசம் எண்ணில் இருக்கிறது. கடையில் பார்க்கும் சாதாரண பார்கோடு ஒரு ரகத்துக்கு உரியது. ஒரே அளவு, ஒரே மணம் கொண்ட சோப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே கோடுதான். டேக்கில் இருக்கும் இபிசி (எலெக்ட்ரானிக் பிராடக்ட் கோட்) எண் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி, நமக்கு ஆதார் எண் மாதிரி. பரவலாகப் பயன்படும் 96 பிட் வடிவத்தில் வரிசை எண்ணுக்கு மட்டும் 38 பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரே ரகத்தில் 27,487 கோடி உருப்படிகளுக்கு வேறு வேறு எண் கொடுக்கலாம். ஒரே டேக்கை ரீடர் நூறு தடவை படித்தாலும் கணக்கில் ஒன்றாகவே எடுத்துக்கொள்வது இதனால்தான்.

லிப்ஸ்டிக்கில் ஆரம்பித்தது

1990-களின் பிற்பகுதியில் கெவின் ஆஷ்டன் என்ற பிரிட்டிஷ் இளைஞர் புரொக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் அழகுசாதனப் பிரிவில் இருந்தார். ஒரு குறிப்பிட்ட நிற லிப்ஸ்டிக் தன் வீட்டுப் பக்கத்துக் கடை ஷெல்ஃபில் எப்போதும் தீர்ந்தே இருந்தது அவர் கண்ணில் பட்டது. குடோனில் சரக்கு இருக்கிறது, கம்ப்யூட்டரும் இருக்கிறது என்கிறது, ஷெல்ஃபில் மட்டும் இல்லை. இந்த எரிச்சல்தான் 1999-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆட்டோ-ஐடி மையமாக வளர்ந்தது. புரொக்டர் அண்ட் கேம்பிளும் ஜில்லெட்டும் பணம் போட்டன. ‘இன்டர்நெட் ஆஃப் திங்ஸ்’ என்ற பெயரும் அதே வருடம் ஆஷ்டன் தன் கம்பெனிக்குள் பேசிய ஒரு உரையின் தலைப்புதான்.

அங்கிருந்த சஞ்சய் சர்மாவும் டேவிட் பிராக்கும் செய்த முக்கியமான காரியம், சிப்பை முட்டாளாக்கியது. அதுவரை டேக்கிலேயே எல்லா விவரத்தையும் ஏற்ற வேண்டும் என்று நினைத்தார்கள். இவர்கள் ‘வெறும் எண் போதும், மற்றதெல்லாம் நெட்வொர்க்கில் இருக்கட்டும்’ என்றார்கள். லாரியின் நம்பர் பிளேட்டில் ஓனர் முகவரியையும் இன்சூரன்ஸ் தேதியையும் எழுதுவதில்லை அல்லவா, அதே யோசனை. சிப் சிறுத்தால் விலை குறையும். டேக் ஒன்று 5 சென்ட் என்பது அவர்கள் குறி. ஆனால் அந்த விலைக்கு வர கோடிக்கணக்கில் வாங்க ஆள் வேண்டும். 2003 தொடக்கத்தில் ஜில்லெட் 50 கோடி டேக் வரை வாங்குவதாக ஒப்பந்தம் போட்டது. அடுத்து வந்தது வால்மார்ட்டின் உத்தரவு.

சேங்கர் குடோன், 2004

2004 ஏப்ரல் 30. டெக்சஸில் சேங்கர் என்ற ஊரின் வால்மார்ட் விநியோகக் குடோன், டாலஸ் வட்டாரத்தில் 7 கடைகள், 8 கம்பெனிகள், 21 பொருள்கள். ஜில்லெட், எச்பி, ஜான்சன் அண்ட் ஜான்சன், கிம்பர்லி-கிளார்க், கிராஃப்ட், நெஸ்லே பியூரினா, புரொக்டர் அண்ட் கேம்பிள், யூனிலீவர் ஆகியவை அந்த எட்டு.

ஒரு பெட்டியோடு கூடவே நடந்து பார்ப்போம். குடோன் வாசலில் இறங்கும்போது ஒரு ரீடர் அதைப் படிக்கும். கடையின் பின்வாசலில் லாரியிலிருந்து இறங்கும்போது இன்னொன்று. ஸ்டோர் ரூமுக்கும் விற்பனைத் தளத்துக்கும் நடுவே உள்ள கதவில் மூன்றாவது. பெட்டி அந்தக் கதவைத் தாண்டியதும் ‘சரக்கு ஷெல்ஃபுக்குப் போய்விட்டது’ என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டும். கடைசி ரீடர் எங்கே தெரியுமா? காலி அட்டையை நசுக்கும் மெஷின் பக்கத்தில். அங்கே ஒரு டேக் தெரிந்தால் அந்தப் பெட்டி காலியாகிவிட்டது என்று பொருள்.

கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் கடை வேலை தெரிந்தவர் உடனே ஒரு கேள்வி கேட்பார். பெட்டியில் 12 பாட்டில் இருந்து, ஷெல்ஃபில் 7-க்குத்தான் இடம் இருந்தால்? மிச்சம் ஐந்தோடு பெட்டி மறுபடி ஸ்டோர் ரூமுக்கே திரும்பும். டேக் பெட்டியைத்தான் சொல்லும், உள்ளே எத்தனை என்று சொல்லாது. ஆஷ்டனின் லிப்ஸ்டிக் பிரச்சினை ஷெல்ஃபில் இருந்தது. டேக்கோ பெட்டியோடு நின்றுவிட்டது.

ஞாபகத்தில் வைக்கச் சொன்ன தண்ணீரும் உலோகமும் இங்கேதான் வருகின்றன. காகிதக் கைத்துண்டுப் பெட்டிகளை அடுக்கிய பேலட்டை ரீடர் சுலபமாகப் படித்துவிடும். ஷாம்பு, திரவ சோப்பு அடுக்கிய பேலட்டில் நடுவில் மாட்டிக்கொண்ட பெட்டியின் டேக் ஊமையாகிவிடும். தகர டப்பா வைத்த பெட்டியிலும் இதே தலைவலி. பெட்டியின் எந்த மூலையில் ஒட்டினால் படிக்கும் என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் நீரும் தகரமும் இல்லாத சரக்கு எவ்வளவு மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. அப்போது சந்தையில் இருந்த முதல் தலைமுறை டேக்குகளில் இரண்டு ஜாதி, ஒன்றோடொன்று பேசாது. எல்லோருக்கும் பொதுவான ‘ஜென் 2’ தரம் உறுதியானது 2004 டிசம்பரில். வால்மார்ட் கெடு முடிய சில வாரம்தான் பாக்கி. சொன்ன நாளுக்கு முந்திக்கொண்டு சாமான் வாங்கி வைத்தவர்கள் கையில் பழைய தலைமுறைச் சாமான் மிஞ்சியது.

யார் காசு, யார் லாபம்

ஒரு கணக்கு போடலாம். டேக் ஒன்று 30 சென்ட், வருடத்துக்கு 1 கோடி பெட்டி அனுப்புகிற கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். டேக்குக்கு மட்டும் 30 லட்சம் டாலர். ஒட்டும் கூலி, எண் எழுதும் பிரின்டர், படிக்காத டேக்கைப் பிய்த்து வேறு ஒட்டும் நேரம் எல்லாம் தனி. பதிலுக்கு அந்தக் கம்பெனிக்குக் கிடைப்பது என்ன? வால்மார்ட் தன் ரீட்டெயில் லிங்க் வலைத்தளம் வழியாக ‘உங்கள் பெட்டி இத்தனை மணிக்கு இந்தக் கதவைத் தாண்டியது’ என்ற விவரத்தைக் கொடுத்தது. பெட்டி தாண்டாவிட்டால் சோப்புக் கம்பெனி என்ன செய்ய முடியும்? அந்தக் கடையில் அதற்கு ஆளா இருக்கிறார்?

அதனால் பெரும்பாலோர் சொந்தத் தொழிற்சாலைக்குள் டேக்கை விடவே இல்லை. லாரி கிளம்பும் முன் கடைசி நிமிடத்தில், வால்மார்ட்டுக்குப் போகும் பெட்டியை மட்டும் தனியே ஒதுக்கி, ஒட்டி அனுப்பினார்கள். ‘ஒட்டு, ஏற்று’ என்பதுதான் அன்றைய நடைமுறை. சொல்லப்போனால் நம் ஊரில் ஆடிட்டர் வருகிற அன்று மட்டும் ரெஜிஸ்டர் எழுதுகிற பழக்கம் போல. தன் குடோனிலேயே டேக்கைப் படித்துத் தன் வேலையைச் சுருக்கியிருந்தால் கொஞ்சம் லாபம் பார்த்திருக்கலாம். ஆனால் ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக, அவருடைய சில கடைகளுக்காக, தொழிற்சாலையை யார் மாற்றுவார்கள்?

கடைப் பக்கத்தில் பலன் இல்லாமல் இல்லை. அர்கன்சா பல்கலைக்கழகத்தில் பில் ஹார்ட்கிரேவ் தலைமையில் 2005-ல் 29 வாரம் ஒரு ஆய்வு நடந்தது. ரீடர் உள்ள 12 கடை, இல்லாத 12 கடை. ஷெல்ஃபில் சரக்கு தீர்ந்துபோகும் நிகழ்வு, ரீடர் உள்ள கடைகளில் மற்றவற்றைவிட 16 சதவீதம் அதிகமாகக் குறைந்தது. அடுத்து அலசிப் பார்த்ததில், ஒரு நாளைக்கு 15-க்கு மேல் போகாமல் நிதானமாக விற்கும் பொருள்களில் இந்தக் குறைவு சுமார் 30 சதவீதம் என்று தெரிந்தது. பறக்கிற சரக்கைக் கடைக்காரர் கண் எப்படியும் பார்த்துக்கொண்டிருக்கும். நடுவாந்தரமாக விற்கிற சரக்குதான் யாரும் கவனிக்காமல் காலியாகக் கிடக்கும்.

நல்ல ஆய்வு, நம்பத் தகுந்த எண். ஆனால் கதவைத் தாண்டாத பெட்டியைப் பற்றிக் கம்ப்யூட்டர் பட்டியல் அடித்துத் தந்தால், ஒருவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போக வேண்டும். போகாவிட்டால் பட்டியல் பட்டியலாகவே இருக்கும். விளம்பரத் தட்டிகளோடு வரும் சரக்கு சரியான நாளில் கடைக்குள் வந்து நிற்கிறதா என்று டேக் மூலம் பின்தொடர்ந்த புரொக்டர் அண்ட் கேம்பிள், 2009 தொடக்கத்தில் அந்தத் திட்டத்தை நிறுத்திக்கொண்டது.

வால்மார்ட் குச்சியையும் எடுத்துப் பார்த்தது. 2008 ஜனவரியில் அதன் கிளையான சாம்ஸ் கிளப், டெக்சஸின் டிசோட்டோ குடோனுக்கு டேக் இல்லாமல் வரும் ஒவ்வொரு பேலட்டுக்கும் 2 டாலர் பிடிப்போம் என்று கடிதம் அனுப்பியது. ஒரே வருடத்தில் அது 12 சென்ட் ஆனது. 2 டாலர் தண்டம் என்றால் ஒட்டித் தொலைக்கலாம் என்று தோன்றும். 12 சென்ட் என்றால் ‘நீயே ஒட்டிக்கொள்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். உத்தரவின் உயிர் போன இடம் இதுதான் என்று நினைக்கிறேன், அதற்காக யாரும் அறிக்கை விடவில்லை.

அடுத்த சுற்று துணியில்

2010-ல் வால்மார்ட் பெட்டியை விட்டுவிட்டு ஆண்கள் ஜீன்ஸ், உள்ளாடை, சாக்ஸ் பக்கம் திரும்பியது. டேக் இப்போது ஒவ்வொரு உருப்படியிலும். துணியில் தண்ணீர் இல்லை, தகரம் இல்லை, அலைக்குக் கொண்டாட்டம். ஒரு ஜீன்ஸ் விற்கும் விலையோடு ஒப்பிட்டால் டேக் விலை தூசு. அதைவிட முக்கியமானது அளவும் நிறமும். ஒரே மாடலில் பத்து அளவு, நான்கு நிறம் என்றால் 40 ரகம். 34 இடுப்பு கறுப்பு தீர்ந்துபோனாலும் அடுக்கு நிறைந்தே தெரியும். வாங்க வந்தவர் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார், கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது.

துணிக்கடையில் கம்ப்யூட்டர் சொல்லும் ஸ்டாக்குக்கும் உண்மையில் இருப்பதற்கும் பொருத்தம் 65 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும் என்பது இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் எண். டேக் வைத்து வாரா வாரம் எண்ணினால் அது 95-ஐத் தாண்டுகிறது. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ராத்திரி முழுக்கக் கடையை மூடி எண்ணின வேலையை, கையில் ரீடரை வைத்துக்கொண்டு அடுக்குகளின் நடுவே நடந்தே முடித்துவிடலாம்.

இங்கே செலவும் வரவும் நெருங்கி வந்ததைக் கவனியுங்கள். ஜாராவின் தாய்க் கம்பெனி இன்டிடெக்ஸ் 2014-ல் இதைக் கடைகளில் பரப்பியபோது, திருட்டைத் தடுக்கும் பிளாஸ்டிக் டேக்குக்குள்ளேயே சிப்பை வைத்தது. பில் போடும்போது கழற்றி, மறுபடி பயன்படுத்திக்கொண்டது. ஒட்டுவதும் அவர்கள் ஏற்பாடு, எண்ணுவதும் அவர்கள் கடை, மிச்சமாகும் காசும் அவர்கள் பையில். அங்கே உத்தரவு தேவைப்படவே இல்லை.

தடுமாறியவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஜேசி பென்னி கடைகள் 2012 வாக்கில் ஆர்எஃப்ஐடிக்கு இடம் விடுவதற்காகப் பழைய திருட்டுத் தடுப்பு டேக்குகளை எடுத்துவிட்டன. செய்தி திருடர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்பே, 2003-ல், உடையில் டேக் தைக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் வாடிக்கையாளர் உரிமைக் குழுக்கள் இத்தாலிய உடைக் கம்பெனி பெனட்டனைப் புறக்கணிக்கக் கிளம்பின, கம்பெனி பின்வாங்கியது. வாங்கிப் போன சட்டை நம்மை உளவு பார்க்குமோ என்ற அந்தப் பயத்துக்கு ஜென் 2 தரத்தில் ஒரு பதில் இருக்கிறது: கடவுச்சொல்லோடு ‘கொல்’ கட்டளை அனுப்பினால் டேக் நிரந்தரமாகச் செத்துவிடும். அதைப் பில் போடும் இடத்தில் நடைமுறையில் செய்கிற கடைகள் எத்தனை என்பது வேறு விஷயம்.

துணிக்கடைகளை இந்தப் பக்கம் அழுத்தமாகத் தள்ளியது ஆன்லைன் வியாபாரம். ஆன்லைனில் காசு கட்டிவிட்டுக் கடையில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றால், கடையில் அது இருந்தாக வேண்டும். கணக்கில் நம்பிக்கை இல்லாத கடைக்காரர், கம்ப்யூட்டரில் ‘1’ என்று காட்டும் சரக்கை ஆன்லைனில் காட்டவே மாட்டார். அந்த ஒன்று தள்ளுபடி விற்பனைவரை தொங்கும். அமெரிக்காவின் மேசிஸ் கடைகள் கடைசி உருப்படி வரை ஆன்லைனில் விற்கத் துணிந்தது டேக்கை நம்பித்தான். வால்மார்ட் 2020-ல் உடைகளுக்கு டேக்கைக் கட்டாயமாக்கியது. 2022 செப்டம்பர் 2 முதல் வீட்டுச் சாமான், விளையாட்டுப் பொருள், எலெக்ட்ரானிக்ஸ், பொம்மை என்று விரித்தது. டேக் விலை அதற்குள் ஆட்டோ-ஐடி மையம் கனவு கண்ட 5 சென்ட்டை எட்டிவிட்டது.

திருப்பூரில் ஒரு பேக்கிங் மேஜை

இந்த டேக்கை அமெரிக்கக் கடையில் யாரும் ஒட்டுவதில்லை. உடை எங்கே தைக்கப்படுகிறதோ அங்கேயே ஒட்டி வந்துவிட வேண்டும். திருப்பூரும் அதில் ஒரு இடம். நண்பர் ஒருவரோடு அங்கே ஒரு ஏற்றுமதி கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனுக்குப் போயிருந்தேன். பாலிபேக்கில் போட்ட டி-ஷர்ட் 24 கொண்ட கார்ட்டன் மேஜைக்கு வந்தது. ரீடர் பீப் அடித்தது. திரையில் 25.

“ஒன்னு அதிகமாப் போட்டுட்டாங்களா?” என்றேன்.

“இல்லீங் சார், அது பக்கத்துப் பொட்டியோடதுங்க. எட்டிப் படிச்சிருது” என்று சொன்ன சூப்பர்வைசர் அக்கா, தரையில் இருந்த அடுத்த கார்ட்டனைக் காலால் இரண்டடி தள்ளினார். மறுபடி பீப். 24, பச்சை. “அதிகமாக் காட்டுனா தள்ளி வெச்சா ஆச்சுங். கொறைச்சுக் காட்டுனாத்தான் வம்பு. பிரிச்சு ஒவ்வொன்னாப் பாக்கோணும்.”

அந்த மேஜையால் கம்பெனிக்கும் ஒரு நன்மை உண்டு. ‘24 என்று அனுப்பினீர்கள், 23 தான் வந்தது’ என்று பையர் (உடையை வாங்கும் கம்பெனி) பிடித்தம் செய்ய வந்தால் காட்ட ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் டேக்கை யாரிடம் வாங்க வேண்டும் என்பதைப் பையரே சொல்லிவிடுகிறார், அதனால் பேரம் பேச வழியில்லை. விலை காஸ்டிங் ஷீட்டில் பட்டன், லேபிள், பாலிபேக்கோடு டிரிம்ஸ் வரிசையில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது. அந்த வரியைக் காட்டி, டேக் விலை ஏறினால் பையரிடம் கேட்பீர்களா என்று ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடம் விசாரித்தேன்.

அவர் சிரித்தார். “கேக்கலாம்ங் சார். மொதல்ல நூல் வெலைக்குக் கேட்டதுக்கே இன்னும் பதில் வரலீங்க.”